18446744073709551615: ஓர் இருபது இலக்க எண்ணைப் பென்சிலால் பிரித்தெடுத்த பதிவு

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்காம் கட்டம் நிரம்பும்போது மொத்தம் 18446744073709551615 நெல்மணிகள் வேண்டும். நம் முறைப்படி காற்புள்ளி இட்டால் அது 1,84,46,74,40,73,70,95,51,615 ஆகும். சதுரங்கத்தில் தோற்ற அரசன் இப்படி இரட்டித்து நெல் அளக்க வேண்டிவந்த, கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசக் கதையைக் கேட்டவர்களுக்கு இந்த எண் ஏற்கெனவே பழக்கமானதுதான். கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் எண்ணின் பருமனைச் சொல்லி வியந்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண் எவற்றின் பெருக்கல், அதன் பகாக் காரணிகள் எவை, அவை பகா எண்கள்தாம் என்பதை எப்படி உறுதி செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கணினி இவற்றுக்கெல்லாம் நொடிக்குள் விடை தந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தவரை, கணிப்பான்கூட இல்லாமல், கட்டம் போட்ட ஒரு நோட்டிலேயே முழு வேலையையும் ஐயத்துக்கு இடமின்றி முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்து பார்த்ததன் பதிவு இது. எட்டாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவற்றைத் தவிர வேறு கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

முதல் வேலை, எண்ணையே சொந்தக் கையால் வருவித்துக்கொள்வது. கட்டங்களின் கூட்டுத்தொகை எப்போதும் அடுத்த கட்டத்துக்கு உரிய எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்கும். 1, 2, 4 ஆகியவற்றின் கூடுதல் 7; அடுத்த கட்டத்துக்கு உரியது 8. ஆகவே நமக்கு வேண்டியது 2⁶⁴ − 1. அறுபத்து நான்கு முறை இரட்டிக்க வேண்டியதில்லை. வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536 என்று விரைவாக ஏறிவிடலாம். பாரசீக அறிஞர் அல்பிரூனி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சதுரங்கக் கூட்டுத்தொகையை இவ்வாறு வர்க்கங்களின் வழியாகத்தான் கணக்கிட்டுக் காட்டினார். 65536ஐ வர்க்கப்படுத்தினால் 4294967296, அதாவது 2³². கடைசி வர்க்கம்தான் கொஞ்சம் கனமானது. பத்து இலக்கங்களை அப்படியே பெருக்கினால் நூறு சிறு பெருக்கல்கள் வரும் என்பதால், எண்ணை 42949, 67296 என்று ஐந்தைந்து இலக்கங்களாக இரண்டாக வெட்டிக்கொண்டேன். 42949இன் வர்க்கம் 1844616601. 67296இன் வர்க்கம் 4528751616. 42949, 67296 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் 2890295904. அதன் இருமடங்கு 5780591808. முதலாவதைப் பத்து இடங்களும், இந்த இருமடங்கை ஐந்து இடங்களும் இடப்பக்கம் தள்ளி எழுதி, 67296இன் வர்க்கத்தோடு கூட்டினால் 18446744073709551616 வருகிறது. ஒன்றைக் கழித்தால் நம் எண் கிடைத்துவிடுகிறது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 87. ஆகவே இது 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 5 என்பதால் 5ஆலும் வகுபடும்.

இரண்டு சிறு காரணிகள் இப்படி எளிதில் கிடைத்துவிட்டாலும், அதற்குமேல் 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போவது சரியான வழி அல்ல. பொதுவாக ஓர் இருபது இலக்க எண்ணைக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால், அதன் வர்க்கமூலம் பத்து இலக்கம் வரை போகும். அதுவரை உள்ள பகா எண்கள் அனைத்தையும் கையால் சோதிப்பது யாருக்கும் இயலாத காரியம். இந்த எண்ணைக் கையாள முடிவதற்கு ஒரே காரணம் அதன் வடிவம். ஒரு முழு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தது என்பதால், (வர்க்கமூலம் − 1) × (வர்க்கமூலம் + 1) என்று அது உடனே இரண்டாகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்தால் 4294967295, 4294967297 என்ற இரண்டு காரணிகள் கிடைக்கின்றன. இவற்றில் முதலாவது மீண்டும் ஒரு வர்க்கத்தைவிட ஒன்று குறைவானது; ஆகவே அது 65535 × 65537 ஆகிறது. 65535 பிளந்து 255 × 257 ஆகிறது. 255 பிளந்து 15 × 17 ஆகிறது. 15 பிளந்து 3 × 5 ஆகிறது. ஆக, வகுத்தல் ஒன்றுகூடச் செய்யாமலேயே நம் எண் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று ஆறு துண்டுகளாகி விட்டது.

இந்த ஆறும் கணித வரலாற்றில் பெயர் பெற்றவை. 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இவற்றை ஃபெர்மா எண்கள் என்கிறோம். பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் டி ஃபெர்மா 1640இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகக் குறிப்பிட்டார். அவர் சொன்னது சரியாக இருந்திருந்தால் என் வேலை இங்கேயே முடிந்திருக்கும். முதல் ஐந்துக்கு அது சரி, ஆறாவதுக்குச் சரியல்ல. எந்த ஐந்து சரி என்பதையும், ஆறாவது ஏன் தவறு என்பதையும் பென்சிலால் நிறுவுவதுதான் இந்த வேலையின் உயிர்ப்பகுதி.

3, 5, 17 ஆகியவற்றுக்குச் சோதனை தேவையில்லை. 257இன் வர்க்கமூலம் 16ஐச் சற்றே தாண்டுவதால் 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தாலே போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 65537க்கு வர்க்கமூலம் 256. அதுவரையுள்ள ஒற்றைப் பகா எண்கள் ஐம்பதைத் தாண்டும். அத்தனையாலும் வகுக்கலாம், அது முடியாத வேலை அல்ல. ஆனால் இங்கே ஒரு நுட்பத்தை விளக்கிவிட்டால், அடுத்து வரும் பெரிய எண்ணுக்கும் அதுவே துணை நிற்கும்.

65537க்கு ‘ப’ என்ற பகாக் காரணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2¹⁶ஐ ப-ஆல் வகுக்கும்போது மீதி −1 வரும். (மீதியை எதிர்க்குறியோடு எழுதுவது வசதிக்காகத்தான், ப − 1 என்பதும் −1 என்பதும் இந்தக் கணக்கில் ஒன்றே.) அதை வர்க்கப்படுத்தினால் 2³²இன் மீதி 1. இரண்டின் அடுக்குகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால், மீதி முதன்முதலாக 1 ஆவது சரியாக முப்பத்திரண்டாவது அடுக்கில்தான் என்பது இதிலிருந்து உறுதியாகிறது. ஏனென்றால் அதற்கு முன்னரே அது 1 ஆகியிருந்தால், பதினாறாவது அடுக்கில் மீதி −1 ஆக இருக்க முடியாது. மறுபுறம், ஃபெர்மாவின் புகழ்பெற்ற சிறு தேற்றத்தின்படி 2இன் (ப − 1)ஆவது அடுக்குக்கும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே 32 என்பது ப − 1ஐ மீதியின்றி வகுத்தே தீரும். அதாவது, காரணி என்று ஒன்று இருந்தால் அது 32இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும். 256க்குள் அந்த வடிவில் உள்ளவை 33, 65, 97, 129, 161, 193, 225; இவற்றில் பகா எண்கள் 97, 193 ஆகிய இரண்டு மட்டுமே. 65537ஐ 97ஆல் வகுத்தால் ஈவு 675, மீதி 62. 193ஆல் வகுத்தால் ஈவு 339, மீதி 110. ஐம்பதுக்கு மேற்பட்ட வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டே வகுத்தல்களில் 65537 ஒரு பகா எண் என்று நிறுவியாகிவிட்டது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதே எண்ணை, காரணிகளைத் தேடி வகுத்துப் பார்க்காத வேறொரு வழியிலும் சோதிக்க எனக்கு நெடுநாள் ஆசை. பிரெஞ்சுக் கணித அறிஞர் பெப்பான் 1877இல் தந்த சோதனை அது. 3ஐ எடுத்து வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் 65537ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வர்க்கங்களுக்குப் பின், அதாவது 3இன் 32768ஆம் அடுக்கில், மீதி −1 ஆக வந்தால் எண் பகா எண். வராவிட்டால் பகு எண். 65537ஆல் வகுப்பதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. எந்த எண்ணையும் முதலில் 65536ஆல் வகுத்து, வரும் மீதியிலிருந்து ஈவைக் கழித்துவிட்டால் போதும். 65536 என்பதே இங்கு −1க்குச் சமம் என்பதுதான் அதற்குக் காரணம்.

கணக்கை முழுதாகவே தருகிறேன். வாசிப்பவர்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே வரலாம். 3, 9, 81, 6561 வரை சிக்கல் எதுவும் இல்லை. 6561இன் வர்க்கம் 43046721. இதில் 65536 என்பது 656 முறை போய் 55105 மிஞ்சுகிறது. 55105லிருந்து 656ஐக் கழித்தால் 54449. பெரிய மீதியை வைத்து வர்க்கப்படுத்துவதைவிட, அதிலிருந்து 65537ஐக் கழித்து −11088 என்று வைத்துக்கொள்வது எளிது. அதன் வர்க்கம் 122943744. மீதி 61869, அதாவது −3668. அதன் வர்க்கம் 13454224, மீதி 19139. அதன் வர்க்கம் 366301321, மீதி 15028. அதன் வர்க்கம் 225840784, மீதி 282. இங்கே எண் திடீரென்று சிறுத்துவிடுகிறது. 282இன் வர்க்கம் 79524; மீதி 13987. அதன் வர்க்கம் 195636169, மீதி 8224. 8224இன் வர்க்கம் 67634176. 65537ஐ 1032ஆல் பெருக்கினால் 67634184. ஆகவே மீதி −8. இதுவரை ஒழுங்கு எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த மீதிகள் இந்த இடத்தில் சட்டென்று தெளிந்துவிடுகின்றன. −8இன் வர்க்கம் 64. அதன் வர்க்கம் 4096. அதன் வர்க்கம் 16777216, அதாவது 65536இன் 256 மடங்கு, மீதி −256. அதன் வர்க்கம் 65536, அதாவது −1. சோதனை நிறைவேறியது.

கடைசி ஐந்து மீதிகளும் இரண்டின் அடுக்குகளாக வந்தது தற்செயல் அல்ல. 65537 பகா எண் என்றால், முப்பத்திரண்டு முறை தன்னைத் தானே பெருக்கினால் 1 தரும் மீதிகள் மொத்தம் முப்பத்திரண்டுதான் இருக்க முடியும். 1, 2, 4, 8 என்று 32768 வரையிலான பதினாறும், அவற்றின் எதிரெண்கள் பதினாறும் சேர்ந்து அந்த இடங்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுகின்றன. பெப்பான் சோதனை வெற்றி பெற வேண்டுமானால் பதினோராவது வர்க்கம் அந்தக் கூட்டத்துக்குள் வந்து விழுந்தே ஆக வேண்டும். தாளில் −8 என்று எழுதிய கணத்திலேயே மீதிக் கணக்கைப் பார்க்காமல் முடிவைச் சொல்லிவிடலாம் என்பது இதனால்தான். எண்கணிதத்தில் கையால் செய்து பார்க்க வேண்டிய கணக்கு எது என்று என்னிடம் கேட்டால், வேறு எதற்கும் முன்னதாக இதைத்தான் சொல்வேன்.

இப்போது ஆறாவது துண்டுக்கு வருவோம்: 4294967297. ஃபெர்மாவின் நம்பிக்கையைக் கணித அறிஞர் கோல்ட்பாக் 1729இல் ஒரு கடிதத்தின் மூலம் மற்றொரு கணித அறிஞரான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர் அது தவறு என்று காட்டினார். மேலே சொன்ன அதே வாதத்தை இங்கும் ஓட்டலாம். இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அது 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய வடிவில் இருக்க வேண்டும். அவ்வடிவில் முதலில் வருபவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகு எண்களை நீக்கிவிட்டால் எஞ்சுபவை 193, 257, 449, 577, 641. இவற்றில் 257ஐயும் விட்டுவிடலாம்; ஃபெர்மா எண்களில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது நாம் மேலே செய்த பிளவிலிருந்தே வந்துவிடுகிறது. ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தியவை அனைத்தின் பெருக்கற்பலனைவிட 2 மட்டுமே கூடுதல். பொதுக் காரணி இருந்தால் அது 2ஐ வகுக்க வேண்டும். இவையோ எல்லாம் ஒற்றை எண்கள்.

பத்து இலக்க எண்ணை நேராக வகுக்கவும் தேவையில்லை. 65536இன் மீதியைக் கண்டு, அதை வர்க்கப்படுத்தி, −1 வருகிறதா என்று பார்த்தால் போதும். 193க்கு 65536இன் மீதி 109, வர்க்கம் 11881, அதன் மீதி 108. இது −1 அல்ல. 449க்கு மீதி −18, வர்க்கம் 324. இதுவும் அல்ல. 577க்கு மீதி 335, வர்க்கம் 112225, அதன் மீதி 287. இதுவும் அல்ல. 641க்கு வரும்போது 65536இன் மீதி 154. 154இன் வர்க்கம் 23716. 641ஐ 37ஆல் பெருக்கினால் 23717. மீதி −1. நான்கே சிறு கணக்குகளில், நூறு ஆண்டுக்கும் நெருக்கமாக நின்றிருந்த ஒரு நம்பிக்கை இப்படி உடைந்துபோகிறது. ஃபெர்மா தம்முடைய சிறு தேற்றத்தையே இந்த எண்ணின்மீது பயன்படுத்தியிருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கும். 3ஐ முப்பத்திரண்டு முறை வர்க்கப்படுத்தி 4294967297ஆல் வகுத்தால், பகா எண்ணுக்கு வர வேண்டிய 1க்குப் பதிலாக 3029026160 மீதியாக வருகிறது. அந்தக் கணக்கையும் காகிதத்தில் செய்துவிடலாம். எண்கள் இருபது இலக்கம் வரை போகும் என்பதால் பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

641ஆல் வகுத்தால் ஈவு 6700417. இது பகா எண்தானா என்பதுதான் எஞ்சியிருக்கும் கேள்வி. வர்க்கமூலம் 2588க்கும் 2589க்கும் இடையில் இருக்கிறது. இதன் எந்தக் காரணியும் 4294967297க்கும் காரணி என்பதால், 64இன் மடங்கோடு ஒன்று என்ற நிபந்தனை இதற்கும் பொருந்தும். பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1878இல் இந்த நிபந்தனையை மேலும் இறுக்கினார்: 64க்குப் பதிலாக 128 என்றே கொள்ளலாம். அதற்கான காரணத்தையும் கையோடு சரிபார்த்துக்கொண்டேன். 256 × 65535 என்ற எண்ணை வர்க்கப்படுத்தினால், 2¹⁶ஐ (2³² + 1 − 2¹⁷)ஆல் பெருக்கியது கிடைக்கும். நம் காரணிக்கு 2³² + 1 என்பது சுழியம். ஆகவே மிஞ்சுவது −2³³. 2³² என்பது −1 என்பதால் அது 2 ஆகிறது. அதாவது, வர்க்கப்படுத்தினால் 2ஐ மீதியாகத் தரும் ஓர் எண் நம் கையிலேயே இருக்கிறது. 2இன் அடுக்குகள் 64ஆவது படியில் 1ஐ அடைகின்றன என்றால், இந்த எண்ணின் அடுக்குகள் 128ஆவது படியில்தான் முதன்முதலாக 1ஐ அடையும். ஆகவே 128 என்பது ப − 1ஐ வகுத்தாக வேண்டும்.

2588க்குள் 128இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்கள் இருபது. அவற்றில் பகு எண்களை அடித்துவிட்டால் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே மிஞ்சுகின்றன. 257ஐ முன்னரே விலக்கிவிட்டோம். 6700417ஐ 641ஆல் வகுத்தால் ஈவு 10453, மீதி 44. 769ஆல் வகுத்தால் ஈவு 8713, மீதி 120. 1153ஆல் வகுத்தால் ஈவு 5811, மீதி 334. 1409ஆல் வகுத்தால் ஈவு 4755, மீதி 622. ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்பதற்கு இந்த நான்கு வகுத்தல்களே முழுமையான நிறுவல். எந்த வடிவமும் இல்லாத ஓர் ஏழு இலக்க எண்ணாக இருந்தால் முந்நூற்றுக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, 18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. பழைய கணக்கர்கள் செய்வதுபோல ஒன்பதாலும் பதினொன்றாலும் ஒத்துப் பார்த்துக்கொண்டேன். காரணிகளின் ஒன்பது-மீதிகள் வரிசையாக 3, 5, 8, 5, 2, 8, 7. பெருக்கினால் மீதி 6. நம் எண்ணின் இலக்கக் கூடுதல் 87. 8ஐயும் 7ஐயும் கூட்டினால் 15, மறுபடி 6. பதினொன்றின் மீதிகளும் இரு பக்கமும் 4 என்று ஒத்துப்போயின. இதற்குப் பின்னர்தான் கணினியைத் திறந்து பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி எழுதினேன். அதுவும் இதே ஏழு காரணிகளையே தந்தது.

காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்றப் பண்புகள் தாமாகவே பின்தொடரும். ஏழு பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. எந்த வர்க்கமும் இந்த எண்ணை வகுக்காது. வகுத்திகள் மொத்தம் 2⁷, அதாவது 128. அந்த 128 வகுத்திகளின் கூடுதல் எண்ணைப்போல் ஏறத்தாழ 1.7034 மடங்கு, இரண்டு மடங்கை எட்டாததால் இது குறைவு எண் வகையைச் சேரும். இதற்குச் சிறியவையாகவும் இதனோடு பொதுக் காரணி இல்லாதவையாகவும் உள்ள எண்கள் எத்தனை என்ற கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 65536 என்ற ஐந்தும் சேர்ந்து சுத்தமாக 2³¹ ஆகிவிடுகின்றன, பிறகு 640, 6700416. மொத்தம் எண்ணில் 49.92 விழுக்காடு. 641 மட்டும் இடையில் வந்திராவிட்டால், அதாவது ஃபெர்மாவின் நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால், அது கிட்டத்தட்ட மிகச் சரியாகப் பாதியாக இருந்திருக்கும்.

128 வகுத்திகளில் ஒரு பகுதிக்கு வடிவியலில் தனி மதிப்பு உண்டு. 1796இல் பதினெட்டு வயதுக் காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்க எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்து, அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாகவும் இருந்தால் அப்பலகோணத்தை வரையலாம். இந்த நிபந்தனை கட்டாயம் என்பதை வான்ட்செல் 1837இல் நிறுவினார். இன்றுவரை அறியப்பட்ட ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துமே; இந்த ஐந்தும் நம் எண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் ஒற்றைப் பலகோணங்கள் முப்பத்தொன்று. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 257 பக்கப் பலகோணத்தை ரிஷெலோ 1832இல் விரித்துரைத்தார். 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் என்பவர் பத்தாண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அத்தகைய உழைப்பை நான் உண்மையாகவே வணங்குகிறேன்.

லூக்கா 1883இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரிலும் நம் எண் வருகிறது. ஒரு கம்பத்தில் அடுக்கிய அறுபத்து நான்கு வட்டுகளை, பெரியது சிறியதன்மேல் வராமல், ஒவ்வொன்றாக வேறொரு கம்பத்துக்கு நகர்த்தி முடிக்க வேண்டிய நகர்த்தல்கள் சரியாக இத்தனை. நொடிக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள். இன்று இது பெரும்பாலும் கணினிகளுக்குள் வாழ்கிறது. இரும முறையில் அறுபத்து நான்கு இடங்களிலும் 1 இருப்பது இந்த எண். ஆகவே குறியில்லா 64 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் இதுவே. அதனோடு ஒன்றைக் கூட்டினால் அந்த இடத்தில் சுழியம்தான் நிற்கும்.

இந்த வேலையால் நேரடியாகப் பயன்படும் ஒரு சிறு பொருளும் கிடைத்தது. 641 × 6700417 = 2³² + 1 என்பதால், ஓர் எண்ணை 641ஆல் வகுக்க வேண்டுமானால் அதை 6700417ஆல் பெருக்கி, விடையின் கீழ் 32 பிட்டுகளை வெட்டி எறிந்துவிட்டால் போதும்; மேலே மிஞ்சுவதுதான் ஈவு. பிழை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம்: எண்ணை 641 × 2³²ஆல் வகுத்தால் வருவதுதான் கூடுதல், எண் 2³²க்குக் குறைவாக இருக்கும்வரை அது 1/641ஐ எட்டாது, ஆகவே ஈவு அடுத்த முழு எண்ணுக்குத் தாவ வாய்ப்பே இல்லை. சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி 0 முதல் 4294967295 வரை எல்லா எண்களுக்கும் இரு வழிகளையும் ஒப்பிட்டேன். எல்லா இடத்திலும் ஒத்தது. வகுத்தலைவிடப் பெருக்கல் விரைவானது என்பதால், மாறிலியால் வகுக்கும் இடங்களில் நிரல்மாற்றிகள் (கம்பைலர்கள்) இதே வகை உத்தியைக் கையாளுகின்றன. மற்ற வகுத்திகளுக்குப் பெருக்கெண்ணைத் தோராயமாக்கித் திருத்த வேண்டியிருக்கும். 641க்கு ஆய்லரின் காரணியே பெருக்கெண்ணாக அமைந்துவிடுகிறது.

கடைசியாக, நம் எண்ணுக்கு இரண்டு இடம் தள்ளி நிற்கும் 18446744073709551617ஐயும் தொட்டுப் பார்த்தேன். அது 2⁶⁴ + 1, ஏழாவது ஃபெர்மா எண். ஃபோர்ச்சுனே லாண்ட்ரி 1880இல், தம் எண்பத்திரண்டாம் வயதில், இதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். கிளாசன் 1855இலேயே இதைக் கண்டிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது. லூக்காவின் நிபந்தனைப்படி காரணிகள் 256இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் இருக்க வேண்டும்; 274177 என்பது அந்த வரிசையில் 1071ஆவது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நெடிய வேலை. ஆனால் கண்டுபிடித்ததைச் சரிபார்ப்பது இரண்டே வரி. 2³²ஐ 274177ஆல் வகுத்தால் ஈவு 15664, மீதி 258768, அதாவது −15409. அதன் வர்க்கம் 237437281. 274177ஐ 866ஆல் பெருக்கினால் 237437282. ஆக மீதி −1, வகுபடுகிறது. மற்றக் காரணியான 67280421310721இன் பகாத் தன்மையை மட்டும் இதே வழியில் நிறுவ முயலவில்லை. அதன் வர்க்கமூலம் 82 லட்சத்தைத் தாண்டுகிறது. 256இன் மடங்குகளாக எடுத்தாலும் முப்பத்திரண்டாயிரம் எண்களைச் சலித்துப் பார்க்க வேண்டும். அதைக் கணினியிடமே விட்டுவிட்டேன்.